காதைத் தொட்ட இடது கை

சோழபுரம்
ஐப்பசி 8, திங்கட்கிழமை
24-10-1988

அன்பு மகன் பொன்னுராஜுக்கு அம்மா இசக்கியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு அமரும். முதலில் நம் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், நல்ல சேதியைக் காக்க வைக்கக் கூடாது. உன் அக்கா மகன் உக்கிரபாண்டி போலீஸ் செலக்சனில் ஓட்டம், கயிறு ஏறுவது இரண்டிலும் தேறிவிட்டான், தை மாதம் ட்ரெய்னிங்குக்குக் கூப்பிடுவார்களாம். இப்போதே தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போகிறான், அவன் அம்மா, ஏலே, சட்டைப் பித்தான் தெறிச்சிரும்லே, செத்த மூச்ச விடு என்று கேலி செய்கிறாள். உன் மகன் தனுஷ்கோடி பத்தாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கி முதலாவதாக வந்திருக்கிறான். மிச்சம் நாலு மார்க் எங்கேலே என்று உன் பெண்டாட்டி முத்தாத்தாள் கேட்டதற்கு, அது வாத்தியாருக்கு வேணும்னு வச்சுக்கிட்டாரும்மா என்றான். வாய் அப்படியே உன் அப்பா வாய். மூன்றாவது உன் மகள் செல்லக்கனி. வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். இதை நீ இன்னும் வெற்றி என்று ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் கடைசியில் வைத்தேன், இனி இந்தக் கடிதம் முழுக்க அவளைப் பற்றித்தான்.

நீ புரட்டாசி நடுவில் போட்ட கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை, விஜயதசமி முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். நீ எழுதியது இரண்டே வரி. செல்லக்கனி தலைமை ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிப்பை முடிக்கிற வழியைப் பார்க்க வேண்டும், ஊர் வம்பு நமக்கு வேண்டாம். உன் பட்டாளத்தில் ஆர்டர் போடுவது போலப் போட்டுவிட்டாய். நான் அதை அவளிடம் மறைக்கவில்லை, கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து அவளுடைய பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா சொன்னா எழுதிக் குடுத்துருதேன் அப்பத்தா, ஆனா என்ன தப்புச் செஞ்சேன்னு எழுத என்று கேட்டாள். அழவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவள் பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் பயிற்சி ரெக்கார்டில் கையெழுத்துப் போடாவிட்டால் சித்திரையில் பரீட்சை எழுத முடியாது, இரண்டு வருசப் படிப்பும் வீண் என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன். ட்ரெய்னிங் ஸ்கூல்காரர்கள் உனக்கு எழுதியதில் பாதிக் கதைதான் வந்திருக்கும், மீதியை நான் சொல்கிறேன், முழுசாக வாசித்த பொறவு நீ முடிவு செய்.

ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ட்ரெய்னிங் ஸ்கூலிலிருந்து அவளை ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்திப் பழக அனுப்பினார்கள். ஊர்ப் பேரை எழுதாதே அப்பத்தா என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. போன புதிதில், தெருத் தெருவாகப் போய்ப் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து வரச் சொன்னார் தலைமை ஆசிரியர். அந்தப் பாரத்தில் பேர், வயசு, சேர்ந்தாச்சா என்று கட்டம் கட்டமாக இருக்குமாம், சேராத பிள்ளை என்றால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். காலனிப் பக்கம் மாடத்தி என்கிற பொம்பளை வீட்டில் ஏழு வயசு முடிந்த பெண் பிள்ளை இருக்கிறது, பேர் முத்துப்பேச்சி, பள்ளிக்கூடம் போகவில்லை. தலைமை ஆசிரியர், பெற்றோருக்கு விருப்பமில்லைன்னு எழுதும்மா, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது என்றிருக்கிறார். செல்லக்கனி வழக்கம்போல மாடத்தியிடமே கேட்டிருக்கிறாள். அதற்கு அவள், விருப்பமில்லாமலா மூணு வருசம் வேலையக் கெடுத்துக்கிட்டு இவளத் தூக்கிட்டு நடந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். விசயம் இதுதான். பிள்ளையைச் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்களே, தொட்டால் அஞ்சு வயசு, தொடாவிட்டால் அடுத்த வருசம் வா என்று அனுப்புவார்களே, அதில்தான் இந்தப் பிள்ளை மூன்று வருசமாக நின்றுபோயிருக்கிறது. மூன்று வயசில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கை ஒடிந்து, வைத்தியர் கட்டுப் போட்டதில் கை மடங்கின மேனிக்கே கூடிவிட்டது. அது எத்தனை வயசானாலும் காதைத் தொடாது. கிழவியானாலும் தொடாது. ஏட்டி, அந்தக் கைதான் வரலையே, இந்தக் கையப் போடு என்று செல்லக்கனி சொன்னவுடன் பிள்ளை இடது கையைப் போட்டு வலது காதைப் பிடித்துவிட்டது. அடுத்த நாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். தலைமை ஆசிரியர், இடக்கை கணக்கில சேராதும்மா, நாப்பது வருசமா வலது கைதான், நாளைக்கு இது எழுதுறதும் இடக்கையாலதான எழுதும், சரஸ்வதி உக்காருவாளா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். காரணக் கட்டத்தில் விருப்பமில்லை என்று எழுத மாட்டேன் என்று இவளும் வெறுமனே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இதுவரை அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பொறவுதான் ஒரு தப்புச் செய்தாள், அதையும் மறைக்க மாட்டேன். ஒருத்தரிடமும் சொல்லாமல், உட்கார்ந்து ஏ.இ.ஓ. ஆபீசுக்கு, அதுதான் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற அதிகாரிக்கு, தானாக ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டாள். நல்ல தமிழில் எழுதியிருந்தாள், நானும் அப்புறம் பார்த்தேன். ஊனமுற்ற ஏழைக் குழந்தை என்றும் அறியாமையில் மூழ்கிய பெற்றோர் என்றும் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதியிருந்தாள். அந்த மனுவை ஆபீசில் விசாரணைக்கு என்று அந்தத் தலைமை ஆசிரியருக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் மாடத்தியை வரச் சொல்லி, வாசலில் நாலு பேர் இருக்கும்போதே சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். எம்பிள்ளைய ஊனம்னு எழுதுனது யாரு, எங்கள ஒண்ணுந் தெரியாத சனம்னு எழுதச் சொன்னது யாரு என்று மாடத்தி பள்ளிக்கூடத்தையே இரண்டாக்கிவிட்டாளாம். அதைச் சாக்காக வைத்துத்தான் அவர், இந்தப் பயிற்சி ஆசிரியை ஊரில் கலகம் உண்டாக்குகிறாள், எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து இல்லை என்று ட்ரெய்னிங் ஸ்கூலுக்கு எழுதினார். அவர்கள் உனக்கு எழுதினார்கள். உனக்கு வந்த கதை அதோடு நின்றுவிட்டது.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் நடந்ததைச் சொல்லி, மனுவின் பிரதியை என்னிடம் காட்டினாள். மறுநாள், மாடத்திக்கா வீட்டுக்குப் போறேன், நீ துணைக்கு வாரியா அப்பத்தா என்று கேட்டாள். எதுக்குட்டி, வாங்கிக் கட்டிக்கவா என்றேன். ஆமா, அதுக்குத்தான் என்றாள். ராஜபாளையத்தில் பஸ் மாறி இறங்கி, கரிசல் காட்டு வழியே ஒரு மைல் தூரம் நடந்தோம், மழை பெய்து மண் செருப்பை விடவில்லை. மாடத்தி பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், வாங்க டீச்சரம்மா, இன்னைக்கு என்னத்த எழுத வந்தீக, கூரையில எத்தன ஓட்டைன்னு எண்ணி எழுதவா என்று ஆரம்பித்தாள். அவள் புருசன் மலைச்சாமி, விடு புள்ள, பெரியவுக வந்திருக்காக என்று சொல்லிப் பார்த்தான். ஆச்சிய நான் ஒண்ணும் சொல்லல, ஆச்சி இப்படி உக்காருங்க, இந்தப் படிச்ச புள்ளயத்தான் சொல்லுதேன் என்று மறுபடியும் பிடித்துக்கொண்டாள். செத்த நேரமில்லை, நல்லாவே பேசினாள். செல்லக்கனி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவள் முடித்த பிறகு, உங்களக் கேக்காம எழுதுனது தப்புக்கா, மூணு வருசம் நடந்த உங்களப் போயி அறியாமைன்னு எழுதிட்டேன், என்ன மன்னிச்சிருங்க, இப்ப என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க என்றாள். நான் பெற்ற பிள்ளைகளில் ஒருத்தர்கூட இப்படித் தணிந்து கேட்டு நான் பார்த்ததில்லை, நீ உட்பட.

மாடத்தி கழுவின காலைத் துடைத்துவிட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தாள். பொறவு, எங்கே போயிப் பேசணுமோ அங்க நானே வந்து பேசுதேன், எம்பிள்ள கதை எனக்குத்தான் தெரியும், நீ எம்பக்கத்துல நில்லு, நான் தடுமாறுனா எடுத்துக் குடு, எனக்கு முந்திக்கிட்டுப் பேசாத, அம்புட்டுதான் என்றாள். அன்றைக்கே புது மனு எழுதினார்கள். மாடத்தி சொல்லச் சொல்ல இவள் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டினாள். ஊனம் என்று இருந்த இடத்தை அடிக்கச் சொல்லி, வலது முழங்கை நீளாது, இடது கை நல்லாயிருக்கு, வாய் ரொம்ப நல்லாயிருக்குன்னு எழுது என்றாள் மாடத்தி. வாய் சங்கதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். மாடத்தி ரெண்டாவது வரைக்கும் படித்தவள், பேரை நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வயசுக்கு என்ன சான்று என்று யோசித்தபோது, முன்னே ஊசி போட வந்த ஜெயபாய் நர்ஸம்மாதான் பிரசவம் பார்த்தாக என்று மாடத்திக்கு நினைவு வந்தது. அந்த அம்மாள் இப்போது செட்டியார்பட்டிப் பக்கம் மாறிப் போய்விட்டாள், தேடிப் போனார்கள். பழைய புத்தகமெல்லாம் அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில்தான் கிடக்கும், வாங்க நானே வந்து பாக்கேன் என்று கூடவே வந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எடுத்தாளாம். பங்குனி மாதம், மார்ச் இருபத்தாறு, 1981, பெண், தாய் மாடத்தி, தகப்பன் மலைச்சாமி. அதைப் பிரதி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தாள்.

ஆபீசுக்கு இரண்டு முறை போனார்கள். முதல் நாள் அதிகாரி கேம்ப் போய்விட்டார் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் நானும் போனேன். மாடத்திதான் முன்னால் போனாள், பின்னால் பிள்ளை, அதற்குப் பின்னால் செல்லக்கனி, நான் கதவோரம் நின்றேன். அதிகாரி நிமிர்ந்து இவளைப் பார்த்து, நீ யாரும்மா என்று கேட்டார். என் பேத்தி தன்னை டீச்சர் என்று சொல்லியிருக்கலாம், கூட வந்தவ சார் என்றாள். பொன்னு, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்தக் கடிதமே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். மாடத்தி முதல் வருசம், இரண்டாம் வருசம், மூன்றாம் வருசம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரே ஒரு இடத்தில் தேதி வராமல் திரும்பிப் பார்த்தாள், இவள் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி காயிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வயசு தெரியாத பிள்ளைக்குத்தான் காதைத் தொடச் சொல்றது, காயிதம் இருக்கும்போது கை எதுக்கு என்று சொல்லி, விஜயதசமி அன்றைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை விஜயதசமி. நாங்கள் எல்லோரும் போனோம். முத்தாத்தாள் பிள்ளைக்கு ஒரு பாவாடை தைத்திருந்தாள். தலைமை ஆசிரியர் உர்ரென்றுதான் இருந்தார், ஆனாலும் பேரேட்டைத் திறந்தார். வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் போடச் சொல்லிச் சேர்த்துக்கொண்டே வந்தவர், பழக்கத்தில் முத்துப்பேச்சியையும் கையைப் போடு என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் அந்தப் பிள்ளை இடது கையைத் தலைக்கு மேலே போட்டு வலது காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சரி, விடு, கைய எடுத்துக்கோ என்றார். விடவில்லை. நீங்க எழுதுங்க சார், பொறவு விடுதேன் என்று நின்றுவிட்டது. நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் வழக்கம்போல ஜூன் ஒண்ணு என்று போடப் போனார். மாடத்தி, இல்ல சார், நர்ஸம்மா புத்தகத்துல இருக்கிறதப் போடுங்க என்றாள். அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பிறந்தநாள், முத்துப்பேச்சிக்கு மட்டும் அவள் பிறந்த நாளே பிறந்தநாள். அரிசியில் இடது கையால்தான் எழுதினாள். கோணல்தான், ஆனால் தெளிவாக இருந்தது. சரஸ்வதி ஒன்றும் எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்து நான் தலைமை ஆசிரியரிடம் செல்லக்கனி ரெக்கார்டைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒன்றும் கெட்ட மனுசரில்லை, இன்னும் ரெண்டு வருசத்தில் ரிட்டையராகப் போகிறவர். எழுதுனத நானே எப்படிம்மா அடிக்க, அவ தகப்பனார் ஒரு வார்த்த எழுதட்டும், முடிச்சிருவோம் என்றார். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ட்ரெய்னிங் ஸ்கூல் பிரின்சிபால் அம்மாளையும் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடுகிறேன், நான்தானே வளர்த்தேன் என்று சொன்னேன். முடியாதும்மா, பைலில் கார்டியன் தகப்பனார், மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் சரி, மகள் பக்கம் நின்றாலும் சரி, அவர் கைப்பட கார்த்திகை முதல் தேதிக்குள் வரட்டும், வைத்துத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இப்போது அது உன் கையில்தான் இருக்கிறது.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உன் பட்டாளக் காயிதத்தில் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று தெரியுமா. நீ பிறந்தது இதே ஐப்பசியில். பள்ளிக்கூடம் சேர்க்கிறபோது உனக்கு அஞ்சு முடியவில்லை, நாலரையைத் தாண்டி ஒன்றிரண்டு மாசம்தான். ஆனால் உனக்குக் கை நீளம். அன்றைக்குக் காலையில் உன்னை நாலு தடவை தலைக்கு மேலே கை போட வைத்துப் பழக்கி, எட்டாட்டி தலையச் செத்தச் சாச்சுக்கோ என்றும் சொல்லிக் கூட்டிப் போனேன். எட்டிவிட்டது. வாத்தியாரும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அதனால் பட்டாளத்திலிருந்து நாலரை மாசம் முன்னதாகவே ரிட்டையராகி வரப் போகிறாய், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வயசு வராத பிள்ளைக்கு ஒரு நீளக் கை வாசலைத் திறந்தது, வயசு வந்த பிள்ளைக்கு ஒரு மடங்கின கை மூன்று வருசம் அடைத்தது. பிள்ளையைக் கையை வைத்து அளந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன், இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நான் அஞ்சாவது முடித்தபோது ஆறாவதுக்கு ராஜபாளையம் போக வேண்டும், எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். என் வாத்தியார் ஒருத்தர் என் அப்பாவிடம் பேசுவதற்காக எங்கள் தெரு முனை வரைக்கும் வந்தார். நான் பார்த்தேன். வீட்டு வாசலில் ஆட்கள் இருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வேலை இருக்கிறது, ஊர் வம்பு எதற்கு என்று நினைத்திருப்பார். உன் மகள் தெரு முனையில் நிற்கவில்லை, உள்ளே வந்துவிட்டாள். முதலில் தப்பான வாசல் வழியாக வந்தாள், திருப்பி அனுப்பியதும் வெட்கப்படாமல் சரியான வாசல் வழியாக வந்தாள். அவளைப் போய்த் திரும்பி வா என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் நீ பிரின்சிபால் அம்மாளுக்கு இப்படி எழுது. என் மகள் முதல் மனுவைப் பெற்றோரைக் கேட்காமல் எழுதியது தப்பு, அதற்கு அந்தப் பெற்றோரிடமே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டாள், மற்றபடி ஒரு குழந்தைக்காகவும் அதன் வீட்டுக்காகவும் நின்றதற்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, தகப்பன் என்ற முறையில் நான் அவள் பக்கம். இவ்வளவுதான். தலைமை ஆசிரியரை ஒரு வார்த்தை தப்பாக எழுதாதே, அந்தப் பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் அவரிடம்தான் படிக்க வேண்டும். நீ எழுதிய பிறகும் அவர்கள் ரெக்கார்டைத் தர மாட்டேன் என்றால் தர வேண்டாம், அடுத்த வருசமும் படிக்க வைப்போம், அது என் பொறுப்பு. ஆனால் அந்த மன்னிப்புக் கடிதம் இந்த வீட்டிலிருந்து போகாது. இதை நான் உனக்குக் கோபமாகச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொல்கிறேன்.

மற்றபடி தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று முத்தாத்தாளுக்கு வருத்தம், அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது. காலில் ஈரத்தோடு பூட்ஸ் போடாதே. இருமல் இருந்தால் மறைக்காதே. பெரிய ஆபீசர் சொல்வதைக் கேள், ஆனால் சாப்பாட்டு விசயத்தில் நான் சொல்வதைக் கேள். நம்ம கண்மாய் பாதி நிறைந்துவிட்டது, நெல் நாற்றுப் பாவிவிட்டோம். நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் தீங்கில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், அய்யனார் உங்கள் எல்லோருக்கும் முன்னால் நடக்கட்டும். கார்த்திகை முதல் தேதியை மறந்துவிடாதே, தபால் பத்து நாள் எடுக்கும், இந்தக் கடிதம் கண்ட அன்றைக்கே எழுதிப் போட்டால்தான் சரியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுச் சுவரில் இருப்பது நீ பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த போட்டோ, ஓரமெல்லாம் பூத்துவிட்டது, புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. அதோடு இன்னொன்றும் வேண்டும். உன் கை எட்டின கதையை முத்துப்பேச்சியிடம் சொல்லிவிட்டேன். அவுகளுக்கு இப்பவும் எட்டுமா ஆச்சி என்று கேட்டாள். அனுப்பச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் தொப்பியை எடுத்துவிட்டு, இடது கையைத் தலைக்கு மேலே போட்டு, வலது காதைத் தொட்ட மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்டுடியோக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். தலையைச் சாய்க்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
இசக்கியம்மாள்